வலது கால்

“மூக்க இன்னும் தூக்கு” என்றார் பக்கத்து சீட்டில் இருந்த பயிற்சியாளர் ஜாய்சன் சார். ஆஷா தூக்கினாள். கண்ணாடி முழுக்க வானம். கீழே எங்கோ பெருங்களத்தூர். அங்கே பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்! அந்தச் சின்னப் பயிற்சி விமானம் வேகம் செத்து நடுங்கியது. இன்றைக்கு, வேண்டுமென்றே சுற்றவிடுகிற சுழலிலிருந்து அவளே விமானத்தை மீட்காவிட்டால் தனியாகப் பறக்க விடமாட்டார்கள், ஆட்டம் குளோஸ். இடப்பக்கச் சுழலில் எப்படியோ தப்பித்துவிட்டாள். இது வலப்பக்கம்.

விமானம் வலது பக்கம் சரிந்து, தலைகுப்புறச் சுற்ற ஆரம்பித்தது. என்ன செய்யணும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்: வலது பக்கம் சுற்றினால் இடது பெடலை முழுக்க மிதி, பிறகு கைப்பிடியை முன்னால் தள்ளு. ஆனால் கீழே இருந்த ஒரு ஏரி, ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டு மேலே ஏறி வந்ததும் படித்ததெல்லாம் போயே போச்சு. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தினமும் பைக்கில் வருகிறவள் அவள். ஜிஎஸ்டி ரோட்டில் எவனாவது குறுக்கே புகுந்தால் எந்தக் கால் பிரேக்கை மிதிக்குமோ அந்தக் கால்தான் இப்போதும் மிதித்தது. வலது கால். சுழல் இன்னும் இறுகியது.

“கால எடு!”

அவர் தன் பக்கத்து இடது பெடலை மிதித்தார். இருவர் பெடலும் ஒன்றோடொன்று இணைந்தவை. அவள் கால் அதை அசைய விடவில்லை.

“ஆஷா, அது பிரேக் இல்லம்மா! எடுத்துடு, ப்ளீஸ்!”

எப்போதும் அதட்டுகிற மனுஷன் கெஞ்சினார். அதைக் கேட்டதும்தான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, ரெண்டு பேரையும் சாகடிக்கப் போறேன். கைப்பிடியை விட்டுவிட்டு, தன் வலது தொடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பெடல் சட்டென்று அவருக்கு இளகிக்கொடுத்தது. சுற்றல் நின்றது. அவர் விமானத்தை மெல்ல நிமிர்த்தினார்.



“மேல ஏத்து. திரும்பவும் வலது” என்றார்.

“வேணாம் சார். இறங்கிடலாம்.”

“நான் மீட்டா அது உன் கணக்குல வராது ஆஷா.”

அவள் ஏற்றினாள். ஏறுகிற நேரமெல்லாம் வாய்க்குள் ‘இடது, இடது’ என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். போதுமான உயரம் வந்ததும் கேட்டுவிட்டாள்.

“மறுபடி அந்தக் காலே போச்சுன்னா சார்?”

ஜாய்சன் தன் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து, சீட்டோடு ஒட்டி இழுத்து வைத்துக்கொண்டார். “மூக்கத் தூக்கு” என்றார்.