பொன்னாடைக்குக் குனியாத கழுத்து

...நடிக்கிறேனாம், முன்னிருக்கைப் பெண் பேருந்து முழுவதற்கும் கேட்கச் சொல்லிவிட்டாள், "ஊனமுற்றவங்க சீட்டுல குந்திக்கினு செல்போன நோண்டுது பாரு, கண்ணு தெரியாதாம்," என்று, சிலர் சிரித்தார்கள். முழுக்குருடு என்றால் இரங்குவீர்கள், முழுப்பார்வை என்றால் மதிப்பீர்கள், இரண்டுக்கும் நடுவில் ஒருத்தி நின்றால் பொய்க்காரி என்பீர்கள், இதுதானே உங்கள் நீதி? ஓரங்களிலிருந்து கருகிவரும் விழித்திரை என்னுடையது, நடுவில் சிறு துளையளவு வெளிச்சம், அதில் எழுத்துத் தெரியும், பக்கத்தில் நீட்டிய கால் தெரியாது, இருட்டினால் எதுவுமே தெரியாது... இதைக் கடலூரில் ஏறியவர்களுக்கு ஒருமுறை, ஆலப்பாக்கத்தில் ஏறுகிறவர்களுக்கு மறுமுறை விளக்கிக்கொண்டே நான் சிதம்பரம் போய்ச் சேர வேண்டுமா? அருகில் இருந்த கதிர்வேல், என் மாமன் மகன், வாய் திறந்தான், அவளிடம் அல்ல, என் காதோரம். "எழுந்து வா எழில், பின்னாடி உக்காந்துக்கலாம், எதுக்கு ஊருக்கெல்லாம் தெரியணும்?" நான் எழவில்லை. இவனுக்கா என்னைக் கட்டிவைக்கப் போகிறார்கள்?

அவன் மடியில் ஒரு பை, பைக்குள் சரிகைப் பொன்னாடை. இன்று எனக்கு முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. ஆய்வு செய்தவள் சபைக்குக் கேசரியும் வடையும் காபியும் கொடுப்பது கல்லூரி வழக்கம், முடிந்ததும் உறவினர் பொன்னாடை போர்த்துவது இன்னொரு வழக்கம், இந்த இரண்டுக்கும் நடுவே எங்கள் மீனவக் குப்பம் மூன்றாவதாக ஒன்றைச் செருகிவிட்டது. கதிர்வேல் போர்த்தினால் அதுவே பரிசம், நான் கழுத்தைத் தாழ்த்தினால் அதுவே சம்மதம். அம்மாவும் மாமாவும் கேசரி அண்டாவோடு வேனில் முன்னே போய்விட்டார்கள். "வெளியாளு எவன்டி உன்னக் கட்டுவான், சொந்தம்ன்றதால அவன் கட்டுறான்," என்றாள் அம்மா. ஆகா, என்ன பெருந்தன்மை, என்ன தியாகம்... என் அப்பாவின் தங்கையை மாமாவுக்குக் கொடுத்து, மாமாவின் தங்கையை அப்பாவுக்கு எடுத்து, அதற்கு முந்திய தலைமுறையிலும் அதே இரண்டு வீடுகளுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, உறவு விட்டுப்போகக் கூடாது என்று காத்தீர்களே, உறவோடு சேர்த்து எதைக் காத்தீர்கள் என்று ஒருநாளாவது எண்ணிப் பார்த்தீர்களா?

புதுச்சத்திரம் போய்விட்டது, காற்றில் உப்பு குறைந்துவிட்டது. குறைபார்வை ஆய்வுகளின் போக்கு, அதுதான் என் தலைப்பு. உலகம் முழுவதும் வெளியான கட்டுரைகளைத் திரட்டி, எந்த நாடு, எந்த ஆண்டு, எந்தச் சொல் என்று வகைபிரித்தேன். வரைபடத்தில் கோடு ஏறுகிறது, ஆண்டுக்காண்டு ஏறுகிறது, மரபணு மருத்துவம் ஏறுகிறது, செயற்கை அறிவு பொருத்திய கண்ணாடி ஏறுகிறது, விழித்திரைக்குள் வைக்கும் சில்லு ஏறுகிறது... பேருந்துப் பலகையை என்னால் படிக்க முடிகிறதா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? குறைபார்வைக்காரி எவனைக் கட்டிக்கொள்ளும்படி நெருக்கப்படுகிறாள் என்பது எந்த வரைபடத்தில் ஏறும்? உறவுத் திருமணம் பற்றி ஒரு முழு இயல் எழுதினேன், வழிகாட்டி நடனசபாபதி அதை ஒரு பத்தியாக்கச் சொன்னார், சமுதாயத்தைப் புண்படுத்த வேண்டாமாம். ஆனால் வெள்ளைக்கோலோடு மேடையேறினால் படம் நன்றாக வருமாம். கோல் வேண்டும், கோலுக்குக் காரணம் வேண்டாம். இன்று சபையில் அந்த இயலைச் சொல்லப்போகிறேன், மாமா முன்வரிசையில் இருக்கட்டும், பொன்னாடை நீளும்போது நிமிர்ந்த கழுத்தோடு சொல்லப்போகிறேன், இந்தக் கண் விதியல்ல, உங்கள் வீட்டு வழக்கம் தந்தது, அடுத்த தலைமுறைக்கு இதைப் பெற்றுத்தர நான் ஆளில்லை என்று. சொற்கள் கூர்மையாகத்தான் இருக்கின்றன, ஒன்றையும் மழுக்க மாட்டேன். கதிர்வேலைப் பார்த்தேன், துளைக்குள் அவன் முகம் மட்டும், நேரே முன்னால் வெறித்தபடி.

சிதம்பரத்தில் இறங்கியபோது வெயில் கொளுத்தியது. கல்லூரிக்குள் மின்சாரம் இல்லை, வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் என் உலகம் அணைந்தது, அதனால் என்ன, ஆண்டுக்கணக்காக ஏறிய மாடிப்படி, கால்களுக்குத் தெரியும். கைப்பிடியைப் பற்றி இரண்டு படி ஏறிவிட்டேன். பின்னால் அவன் செருப்போசை நின்றிருந்தது. வா என்றேன், வரவில்லை. சுவரில் உள்ளங்கை உரசும் சத்தம், மெதுவாக, தடவித் தடவி... இந்தச் சத்தம் எனக்குத் தெரியுமே, என் கை எழுப்பும் சத்தமல்லவா இது?

"எழில்," என்றான், மிகத் தாழ்ந்த குரலில், "படி இருக்கா?"

இரவில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாமல் மீன் ஏலக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டானே, சோம்பேறி என்றல்லவா நான் சொல்லித் திரிந்தேன்... ஊருக்கெல்லாம் தெரியக் கூடாது என்று பேருந்தில் பதறினானே, அது யாருக்காக? மேலே நாற்காலிகளை நகர்த்துகிறார்கள், மாமாவின் சிரிப்பு கேட்கிறது. நான் சபையில் வைக்கப்போகும் குற்றச்சாட்டுக்குச் சான்று நான் மட்டும்தான் என்றிருந்தேன். இன்னொரு சான்று கீழே, இருட்டில், வாசலருகே நிற்கிறது. அதை அவனைக் கேட்காமல் சபையேற்ற எனக்கு என்ன உரிமை, ஏற்றாமல் பேசினால் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள்?

"இருக்கு," என்றேன். கையை நீட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை, இருட்டாக இருந்தது.