அத்தை போடச் சொன்ன நட்சத்திரங்கள்

அந்த ஒற்றை நட்சத்திரத்தை முதலில் பார்த்தவள் நான்தான். எங்கள் விடுதியில் அக்கா லோசலீனே சமையலைப் பார்ப்பாள், நான் போனையும் முன்பதிவையும் பார்ப்பேன். ஜூலை முதல் வாரம் நான்கு நாள் தங்கிவிட்டுப் போன கிரெக் என்கிற பிரிஸ்பேன்காரர் இணையத்தில் எழுதியிருந்தார்:

"முற்றத்தில் பன்றிகள். காலை ஐந்து மணிக்கு சர்ச் மணி. ஞாயிற்றுக்கிழமை படகு கிடையாது, கடலில் இறங்கவும் விடவில்லை. திமிங்கலம் பார்க்க வந்தவனுக்குக் கீரைப் பொட்டலம் கொடுத்து உட்கார வைத்தார்கள். வராதீர்கள்."

கீரைப் பொட்டலமாம்! சேம்பிலையில் ஆட்டுக்கறியும் தேங்காய்ப்பாலும் வைத்து மடித்து, சுட்ட கல்லோடு மண்ணில் புதைத்து, அக்கா விடியற்காலையிலிருந்து கண் எரிய நின்று செய்தது. அந்த மனிதர் மூன்று பொட்டலம் தின்றார். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

டோங்காவில் எங்கள் வவாவு தீவுக்குத் திமிங்கலங்கள் வருவது ஜூலை முதல் அக்டோபர் வரை. எங்கள் ஐந்து அறைகளும் அந்த நான்கு மாதத்தை நம்பித்தான் ஆண்டு முழுவதும் மூச்சு விடுகின்றன. போன வருஷம் பாதி நாள் காலி. இந்த முறையும் அப்படிப் போனால் விடுதியைப் பூட்டிவிட்டு ஆக்லாந்துக்கு வந்து முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன் என்று அக்கா அங்கே இருக்கும் அத்தையிடம் சொல்லியிருந்தாள். அத்தை வேலையைப் பிடித்தே வைத்துவிட்டார். அக்காவுக்குத் தீவை விட்டுப் போக ஒரு துளியும் மனமில்லை.

கிரெக் எழுதிய மூன்றாம் நாள் இரண்டு பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை அக்கா அத்தைக்கு போன் போட்டு அழுதாள். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா, கலோலைனே. டோங்காவில் அத்தைக்கு மேலே ஆள் கிடையாது. சாவு வீட்டில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார், நாங்கள் சமையல் கொட்டகையில் புகை குடித்துக்கொண்டு நிற்போம். அவர் சொன்னால் செய்வோம். ஏன் என்று கேட்கிற வாய் எங்களில் எவருக்கும் முளைத்ததில்லை.

மறுநாள் ஆக்லாந்தில் ஆராதனை முடிந்ததும் அத்தை சர்ச் படியில் நின்றுகொண்டு, "எல்லாரும் போனை எடுங்க. லோசா விடுதிக்கு அஞ்சு நட்சத்திரம் குத்துங்க" என்றாராம். ஞாயிறு எங்களுக்கு ஓய்வுநாள், ஊரில் படகுகூட ஓடாது; அன்றைக்கு வேலை செய்யலாமா என்று ஒருவன் முனகியிருக்கிறான்.

"இது வேலை இல்லடா, ஊழியம். குத்து!"

திங்கட்கிழமை காலை பார்க்கிறேன், அறுபத்தொரு ஐந்து நட்சத்திரம். அறுபத்தொன்றுக்கும் ஒரே குடும்பப் பெயர், எங்கள் ஃபொனுவா. "எங்க லோசா பாடினா கல்லும் கரையும்" என்று ஒருத்தி. "நான் அங்க போனதில்லை, ஆனா கட்டில் நல்லாத்தான் இருக்கும், செஞ்சது எங்க அண்ணன்" என்று ஒருவன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் ஆட்கள் சோறுகூடப் போடவில்லை, பூசணிக்காயை மட்டும் வைத்துவிட்டார்கள்.

புதன்கிழமை அந்த இணையதளம் எங்கள் பக்கத்தின் உச்சியில் ஒரு சிவப்புப் பட்டியை ஒட்டியது: "இங்குள்ள மதிப்புரைகள் நம்பத்தக்கவை அல்ல." அன்று மாலைக்குள் இன்னும் நான்கு பேர் கழன்றுகொண்டார்கள். கிரெக் வேறு, "அறுபத்தொரு பேரும் ஒரே வீட்டில் பிறந்தவர்களா?" என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பன்றி வைத்திருப்பது கேவலமில்லை. பொய்யர்கள் என்று பெயர் வாங்குவது கேவலம்.

"எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுக்கா" என்றேன்.

"அத்தை போடச் சொன்னதை நான் எடுக்கச் சொல்றதா? உனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப பெட்டியைக் கட்டு. ஆக்லாந்துல கெழவிங்களுக்குக் கஞ்சி ஊத்து."

அக்கா என்னை முறைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். திரையில் அத்தையின் முகம் வந்ததும் உட்கார்ந்திருந்தவள் தரைக்கு இறங்கிவிட்டாள், பழக்கம்.

"என்னடி, நட்சத்திரம் போதுமா? இன்னும் அமெரிக்காவுல யூட்டால இருக்கிற நம்ம ஆளுங்க பாக்கி."

"அத்தை... வேணாம். அதனாலதான் கெட்டுப் போச்சு."

"என்னது?"

"எங்களைப் பொய்யருங்கன்னு எழுதி ஒட்டிட்டாங்க."

"அப்ப நான் பண்ணது தப்புன்றியா?"

எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்விக்கு 'இல்லை அத்தை' என்ற ஒரே பதில்தான் உண்டு. அக்கா, "ஆமா அத்தை" என்றாள்.

அந்தப் பக்கம் அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"பன்றி இன்னும் முற்றத்துலதான் சுத்துதா?"

"ஆமா."

"அஞ்சு மணிக்கு மணி அடிக்கிறாங்களா?"

"ஆமா."

"அந்தாளு எழுதினதுல எதுடி பொய்?"

அக்கா யோசித்தாள். "எதுவும் இல்ல அத்தை."

"அப்ப எதுக்குடி எங்கிட்ட அழுத? அறுபது பேரை ஆண்டவன் முன்னால பொய் சொல்ல வச்சிட்டியே!"

யார் யாரைச் சொல்ல வைத்தது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

இரண்டாவது உத்தரவு அன்றைக்கே பிறந்தது: எல்லாரும் ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாகக் குறை, உண்மையை எழுது. அத்தைதான் முதலில் எழுதினார். "நான் இவளுடைய அத்தை. பொய் சொல்லச் சொன்னது நான். ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கு; திமிங்கலம் திங்கட்கிழமையும் இருக்கும்." பின்னால் வரிசையாக வந்தார்கள். "நான் சித்தப்பா மகன். தங்கியதில்லை. சர்ச் மணி சத்தம் எனக்கும் பிடிக்காது, சின்ன வயசில் அதற்காகவே அடி வாங்கியிருக்கிறேன்." "பெரிய பன்றி கடிக்காது. ஆனால் செருப்பைத் தின்னும்." "கட்டில் செய்தவன் என் அண்ணன். ஆணி குறைவாகத்தான் அடிப்பான், மன்னிக்கவும்."

கிரெக்குக்கு அக்கா தானே பதில் எழுதினாள். "நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமை படகு இல்லை என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். அது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துவிட்டோம். தவறு எங்களுடையது. ஞாயிறை மட்டும் மாற்ற முடியாது. பொட்டலம் மூன்று சாப்பிட்டீர்கள், சந்தோஷம்." மூன்று என்பதை நான் சேர்க்கச் சொன்னேன்.

இணையதளக்காரர்கள் பத்து நாளில் உறவுக்காரர்கள் எழுதியது அனைத்தையும் துடைத்துவிட்டு, சிவப்புப் பட்டியையும் எடுத்தார்கள். ஆனால் அதற்குள் யாரோ வெலிங்டன்காரி அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். போன் சூடாகிப் போனது. "செருப்புத் தின்னும் பன்றியின் பெயர் என்ன?" என்று ஒருத்தர். "ஞாயிற்றுக்கிழமை நானும் உங்களோடு சர்ச்சுக்கு வரலாமா?" என்று இன்னொருத்தர். "சொந்தக் குறையை இப்படிச் சொல்கிறவர்கள் மற்றதில் பொய் சொல்ல மாட்டார்கள்" என்று அறை பிடித்த ஒரு ஆசிரியை எழுதினார். கிரெக்கும் தன் ஒன்றை இரண்டாக உயர்த்தினார், பொட்டலத்துக்காக. ஆகஸ்ட் முழுக்க ஐந்து அறையும் நிறைந்தது. செப்டம்பர் நிறைந்தது. அக்டோபரில் இடமில்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. இரண்டு முறை ஆடினேன்.

செப்டம்பரில் ஒரு அறைக்கு கே. ஃபொனுவா என்று முன்பதிவு வந்தது. அத்தையேதான். வீட்டு உள்ளறைக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்து, மற்ற விருந்தாளிகளைப் போல மூன்று நாள் தங்கினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்கள் விருந்தாளிகளுக்கே முழு வரிசை ஒன்று தேவைப்பட்டது. அத்தை அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, பாடத் தெரியாதவர்களை விலாவில் இடித்துப் பாட வைத்தார்.

கிளம்பும் நாளில் முற்றத்தில் நின்று கண்ணாடியை மாட்டி, போனில் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். "தங்கினேன். மணி நன்றாகக் கேட்கிறது. உணவு உத்தமம். கட்டில் கிரீச்சிடுகிறது." நான்கு நட்சத்திரம்.

"அத்தை! ஒண்ணை ஏன் குறைச்சீங்க?" என்று பதறினேன்.

"கட்டிலைக் கேளு."

அக்கா போனை வாங்கி அந்த நான்கையும் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அத்தை பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"முதியோர் இல்லத்துல உனக்குன்னு பிடிச்சு வச்ச வேலையை வேற பொண்ணுக்குக் குடுத்துட்டேன்."

"எப்ப அத்தை?"

"நீ எங்கிட்ட தப்புன்னு சொன்ன பாரு, அன்னைக்கே."