அண்ணி கேட்ட மூன்றாவது டிக்

எங்கள் பட்டன் கடையில் கம்ப்யூட்டர் நின்றுபோனால், அண்ணன் போடும் சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். "நின்னு போச்சு, மறுபடியும் நின்னு போச்சு" என்று மவுஸை மேசையில் தட்டுவார். நேற்று தீர்ப்பே சொல்லிவிட்டார். "எல்லாம் உங்க அண்ணி ஏத்தி வச்ச படங்களால வந்த வினை. இன்னொரு தடவை நின்னா மொத்தத்தையும் அழிச்சிடுவேன்."

மொத்தம் என்றால் மூவாயிரத்து அறுநூறு படங்கள். ஒவ்வொரு பட்டனையும் வெள்ளைத் தாளில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், அண்ணி இரண்டு வருடமாக எடுத்தவை. பட்டன் இருக்கும் இழுப்பறையின் எண்தான் படத்துக்குப் பெயர். அண்ணன் சொன்னதைக் கேட்டபடியே அண்ணி அடுத்த பட்டனைத் தாளில் வைத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

காலையில் கடை திறந்ததும் கம்ப்யூட்டரை வேகமாக்கும் வேலையில் இறங்கினேன். கம்ப்யூட்டரின் செட்டிங்ஸுக்குள் ஒரு பட்டியல் உண்டு. விண்டோ மெல்ல விரிவது, மெனு மங்கி மறைவது, அதற்கு நிழல் இதற்கு நிழல் என்று இருபது சிங்காரம். ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் டிக். எனக்குச் சிங்காரம் என்றாலே ஆகாது. ஒரே அமுக்கில் எல்லாவற்றையும் எடுத்தேன். கம்ப்யூட்டர் பறந்தது. விசிலடிக்கலாம் போலிருந்தது, அடித்தும்விட்டேன்.

பதினோரு மணிக்கு நாடகக் குழுவின் தையல்காரம்மா மூச்சிரைக்க வந்தார். உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பட்டன்.

"ராஜா கோட்டுல ஒண்ணு காணாமப் போச்சு. ஆறு மணிக்கு நாடகம். அச்சு அசலா இதே மாதிரி வேணும். முன்வரிசைக்காரங்க கண்ணு பொல்லாத கண்ணு."

அண்ணி வெள்ளைப் பட்டன் ஃபோல்டரைத் திறந்தார். கண் இமைப்பதற்குள் திறந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"தம்பி, படமெல்லாம் எங்க?"

ஒன்றுகூட இல்லை. நானூறு ஃபைலும் ஒரே அடையாளத்தோடு, சீருடை போட்ட பிள்ளைகள்போல வரிசையில் நின்றன. குட்டிப் படமாகக் காட்டுவதும் அந்த இருபதில் ஒன்று என்பது அப்போதுதான் உறைத்தது. அண்ணன் எழுந்து வந்தார்.

"அழிஞ்சு போச்சா?" குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்று சத்தியம் செய்வேன்.

"இல்லண்ணே. அவசரத்துல வேணுங்கறதையும் சேத்து எடுத்துட்டேன்."

ஒரு டிக்கைத் திரும்பப் போட்டேன். நானூறு பட்டனும் திரையில் பூத்தன. அண்ணி விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

தையல்காரம்மாவின் பட்டனையும் அதே தாளில் வைத்துப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்தப் படத்தை வரிசைகளின் ஓரமாக இழுத்தார் அண்ணி. படம் வரவில்லை, வெறும் கட்டம்தான் நகர்ந்தது.

"இழுக்கும்போது படமும் கூடவே வரணும், தம்பி. பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் எனக்குப் பிடிபடும்."

இரண்டாவது டிக். இப்போது படம், துணிக்கடையில் மாதிரித் துண்டை ஒவ்வொரு சுருளிலும் வைத்துப் பார்ப்பதுபோல, பட்டன் பட்டனாக ஊர்ந்தது. மற்ற மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஏழாவது வரிசையில் அண்ணியின் கை நின்றது.

"இதுதான்."

இழுப்பறை 2817. ஓடினேன். ஸ்டூலில் முட்டி இடித்தது, வலிக்கவே இல்லை. எடுத்து வந்ததைத் தையல்காரம்மா தன் பட்டனோடு சேர்த்துக் குலுக்கினார். எது தன்னுடையது என்று அவருக்கே தெரியவில்லை.

"ராஜா பொழைச்சாரு" என்று சொல்லிவிட்டு ஓடியே போனார்.

இரண்டு டிக் போட்ட பிறகும் மெஷின் பறந்துகொண்டுதான் இருந்தது. அண்ணி பட்டியலைக் குனிந்து பார்த்தார்.

"மவுஸ் அம்புக்கு நிழல்னு ஒண்ணு இருக்கே. அதையும் போடுங்க."

மெஷின் வந்த நாளிலிருந்தே டிக் இல்லாமல் கிடந்தது அது ஒன்றுதான்.

"அது எதுக்கு அண்ணி?"

"சும்மாதான். அழகா இருக்கும்."

அழகுக்காக அவர் கேட்டது அது மட்டும்தான். மறுக்க மனசு வரவில்லை, போட்டேன்.

"வேகம் குறைஞ்சிடப் போவுது" என்று அண்ணன் மவுஸைப் பிடுங்கினார். அப்படியே நின்றார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"எது?"

"அம்பு."

வெள்ளைத் தாள், வெள்ளைப் பட்டன்கள், நடுவே வெள்ளை அம்பு. இப்போது அதன் கீழே கறுப்பாக ஒரு நிழல்.

"எப்பவும் அங்கதாண்ணே இருக்கும்."

அண்ணன் மவுஸை இடம் வலமாக ஆட்டினார். நிழல் கூடவே ஓடியது.

"அப்போ மெஷின் நிக்கவே இல்லையா?"

எனக்குப் பொறி தட்டியது. அவர் சத்தம் போட்டதெல்லாம் வெள்ளைப் பட்டன் கேட்டு ஆள் வந்த நாட்களில்தான். அம்பு கண்ணில் படவில்லை, மெஷின் நின்றுவிட்டது என்று முடிவுகட்டியிருக்கிறார். கண்ணாடி போடச் சொன்னால் சண்டைக்கு வருகிற மனிதர்.

அண்ணி சிரிக்கவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. அண்ணன் அவர் முகத்தைப் பார்க்காமல் மேல் அலமாரியைப் பார்த்தார்.

"இன்னும் படம் எடுக்காத பெட்டி எத்தனை இருக்கு?"

"நாப்பது."

"ஏணிய எடுத்துட்டு வாடா" என்றார் என்னிடம்.