குழாயில் ஊறிய சிவப்பு

வெயில் ஏறுவதற்குள் குழாய்களைத் துடைத்துவிட வேண்டும். இரண்டாள் உயரச் சட்டங்களில் கிடையாக அடுக்கியிருந்த அந்தக் கண்ணாடிக் குழாய்களுக்குள் சிவப்புத் தண்ணீர் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். பக்கத்துப் பால் ஆலையின் கழிவுநீரைத் தின்று, வெயிலைக் குடித்து, மனுஷனுக்குத் தொப்பை போடுவதுபோல உடம்புக்குள் பிளாஸ்டிக் சேர்த்துவைக்கும். அதைப் பிரித்தெடுத்துச் செய்த பையை மண்ணில் புதைத்தால் மக்கிப்போகும். குழாய்மேல் தூசி படிந்தால் கிருமிகளுக்கு வெயில் கிடைக்காது. தூசியைத் துடைக்கத்தான் சிட்டுவை வைத்திருந்தார்கள்.

அன்று ஈரத்துணியோடு ஏணியில் ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். மேல் வரிசை முழுக்க வெளுத்துக் கழுநீர் மாதிரி கிடந்தது.

"மேடம், ஓடி வாங்க! புள்ளைங்க எல்லாம் வெளுத்துப்போச்சுங்க!"

ஆய்வுக்கூடத்து மேடம் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார். குழாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பிடித்து ஒரு காகிதத் துண்டை நனைத்தார். அது கருநீலமானது.

"காரம் ஏறியிருக்கு. சோப்போ சோடாவோ உள்ள போயிருக்கு."

சிட்டுவை வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். "சோப்பு வாளி யார் கையில இருக்கு? இவ கையிலதானே?"

"நான் வெளிப்பக்கம்தானேங்க துடைக்கிறேன். மூடியத் தொட்டதே இல்லீங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இனிமே வேற ஆள் வரும்."

"ஆலைத் தண்ணிய சோதிச்சுப் பார்க்கிற வரைக்கும் யாரையும் அனுப்பாதீங்க" என்றார் மேடம். சோதித்தும் பார்த்தார். அப்போது ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. நாளை ஒருநாள் மட்டும் வந்துவிட்டு நின்றுகொள்ளும்படி காண்ட்ராக்டர் சிட்டுவிடம் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் சிட்டு விஷயத்தைச் சொன்னபோது அண்ணன் தட்டைத் தள்ளிவைத்தான். அந்தப் பால் ஆலையில் பம்ப் ஓட்டுபவன் அவன்.

"மெஷின் கழுவுற சோடாத் தண்ணிக்குத் தனித் தொட்டி இருக்கு. நேத்து அது நிரம்பி வழிஞ்சுது. உங்க பக்கம் திருப்பி விடு, கொஞ்சம் போனா ஒண்ணும் ஆகாதுன்னாரு சூப்பர்வைசர். நான்தான் வால்வத் திருப்பினேன்."

சிட்டு சட்டென்று வாசல் கதவைச் சாத்தினாள். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. இப்பதான் உன்ன பெர்மனென்ட் ஆக்கியிருக்காங்க. எனக்கென்ன, துடைக்கிற வேலை எங்க போனாலும் கிடைக்கும். ஊர்ல அழுக்குக்கா பஞ்சம்?"

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபின் புருஷனைப் பார்த்தாள். "வால்வத் திருப்பினது நீ. அவ எதுக்கு வீட்ல உக்காரணும்?"

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அண்ணன் ரப்பர் பூட்ஸோடு குழாய்ச் சட்டங்கள் நிற்கும் இடத்துக்கு வந்தான். காண்ட்ராக்டரும் மேடமும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏணிமேல் இருந்த சிட்டு வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டினாள். அவன் மேலே பார்க்கவே இல்லை.

"சோடாத் தண்ணிய இங்க திருப்பி விட்டது நான்தாங்க. சூப்பர்வைசர் சொல்லித்தான் விட்டேன். என் தங்கச்சிமேல தப்பில்ல."

காண்ட்ராக்டர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"இத உங்க ஆலையிலயும் சொல்லுவீங்களா?" என்றார் மேடம்.

"சொல்றேங்க."

சொன்னான். நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றார் சூப்பர்வைசர். அண்ணனைப் பம்ப் அறையிலிருந்து எடுத்து, லாரியில் பால் பெட்டி ஏற்றும் இடத்தில் போட்டார்கள். சிட்டுவின் வேலை தப்பியது. அண்ணனுக்கு முதுகு ஒடிந்தது.

"ரொம்ப வலிக்குதா?" என்று தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள் அண்ணி.

"வலிக்குது. ஆனா பசிக்குது, சோத்தப் போடு."

மேடம் ஆய்வுக்கூடத்துக் குடுவையில் கொஞ்சம் கிருமியைப் பத்திரமாக வைத்திருந்தார். குழாய்களைக் கழுவிவிட்டு அதை ஊற்றினார்கள். முதலில் நிறமே தெரியவில்லை. பிறகு இளஞ்சிவப்பு லேசாகத் தட்டியது. ஒரு காலையில் சிட்டு ஏணியிலிருந்தே கத்தினாள்.

"மேடம், புள்ளைங்களுக்கு ரத்தம் ஊறிடுச்சுங்க!"

சோடாத் தண்ணீருக்குத் தனிக் குழாய் போடாவிட்டால் உங்கள் கழிவே எங்களுக்கு வேண்டாம் என்று மேடம் அடித்துச் சொல்லிவிட்டார். ஆலை இறங்கிவந்து குழாய் போட்டது. அந்த வால்வுக்குச் சிட்டுவின் அண்ணனைத்தான் போட வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

"பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. நான் விடப்போறதில்ல" என்றார் சிட்டுவிடம்.

புதுக்குழாய் திறக்கும் நாளில் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். சூப்பர்வைசர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், சிவந்து கிடந்த குழாய்களுக்கு முன்னால் நின்று, கோளாறைத் தாங்கள் உடனே கண்டுபிடித்துச் சரிசெய்த விதத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் பின்னால போங்க. படத்துல விழுறீங்க" என்றார் புகைப்படக்காரர்.

சிட்டு துணியோடு சட்டத்துக்குப் பின்னால் போனாள். மதிலுக்கு அந்தப் பக்கம் லாரியில் பெட்டிகள் தொம் தொம்மென்று விழுந்துகொண்டிருந்தன. அவள் ஒவ்வொரு குழாயாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைத்த இடத்தின் வழியே பாய்ந்த வெயில் அந்த வெள்ளைச் சட்டையின் முதுகில் சிவப்புச் சிவப்பாக விழுந்தது.