மாமனார் கனைத்தால்

பஞ்சுவுக்கு யாரையும் அடிக்கப் பிடிக்காது. குத்துச்சண்டைக்காரனுக்கு இதைவிடப் பெரிய வியாதி உண்டா? தோள் என்றால் பாலத்துத் தூண், முஷ்டி என்றால் லாரியை நிறுத்தும் முஷ்டி. ரிங்குக்குள் நிற்பதென்றால் அவனுக்கு உயிர். ஆனால் எதிராளியின் மூக்கில் இரத்தம் எட்டிப் பார்த்ததும், "ரொம்ப வலிக்குதாங்க?" என்று விசாரிப்பான். விசாரித்து முடிப்பதற்குள் எதிராளி இவன் தாடையைப் பெயர்த்திருப்பான்.

அவனுடைய பயிற்சியாளர் அவனுக்குப் பெண் கொடுத்த மாமனாரும்கூட. மருமகன் என்ற மரியாதையை அவர் ஒருபோதும் விட்டதில்லை.

"இந்த வாட்டியும் தோத்தீங்கன்னா, கிளவுஸைக் கழட்டிக் குடுத்துட்டு என் டயர் கடையில பஞ்சர் ஒட்ட உக்காந்துடுங்க மாப்பிள்ளை. வாழ்நாள் முழுக்க."

பஞ்சு அன்றைக்கே பஞ்சர் பசை டப்பாவை மோந்து பார்த்துப் பழகிக்கொண்டான். ஏனென்றால் அடுத்த எதிராளி, 'இடி' என்று பேர் வாங்கியவன். இடியிடம் அடி வாங்கியவர்கள் சொந்த வீட்டை மறந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அங்கே போய்ப் பக்கத்து வீட்டுக்காரன் பெயரையே தங்கள் பெயர் என்றும் சாதிப்பார்கள்.

மாமனாரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. "வெறுப்பு பிறவியிலேயே வர்றதில்ல மாப்பிள்ளை. ஊட்டணும்."

இடியின் முகத்தைப் பெரிதாக அச்சடித்து ஓர் அட்டையில் ஒட்டினார். ஜிம்மின் பின்னறையில் பஞ்சுவைச் சுவரைப் பார்க்க நிறுத்தினார். ஈரத் துண்டை முறுக்கிக்கொண்டு, பழைய லாரி கிளம்புவதுபோல், "க்ர்ர்ஹ்ஹும்!" என்று தொண்டையைக் கனைத்தார். பிறகு முதுகில் விழுந்தது பாருங்கள் ஒரு வீச்சு! தோல் பிளந்தது, சுவரெல்லாம் சிவப்புப் பொட்டு, கூரையில் இருந்த பல்லி மயங்கி விழுந்தது.

துண்டைச் சுழற்ற இரண்டு கையும் வேண்டும். ஆகவே எல்லாம் அடித்து முடித்து, துண்டைக் கீழே போட்ட பிறகுதான் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்.

"பாருங்க! எல்லாம் இவனாலதான். வெறுங்க மாப்பிள்ளை, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்!"

தினமும் இதே கூத்து. அட்டை கண்ணில் பட்டதும் பஞ்சு, "அப்பாடா" என்று மூச்சு விடுவான். அட்டை வந்தால் அன்றைய அடி முடிந்தது என்று அர்த்தம். நாளாக நாளாக இடியின் சப்பை மூக்கு அவனுக்கு லட்சணமாகத் தெரிந்தது. ஆனால் வீட்டில் சாப்பிடும்போது மாமனார் கனைத்தால் போதும், பஞ்சுவின் கையில் இருக்கும் தட்டு இரண்டாக மடங்கிவிடும்.

போட்டி நாள் வந்தது. இடி ரிங்குக்குள் ஏறியதும் பஞ்சுவின் முதுகெல்லாம் குளிர்ந்தது. முகம் தானாக மலர்ந்தது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்த இடி, முதல் குத்திலேயே அவன் உதட்டைக் கிழித்தான். இரத்தம் பீறிட்டு முன்வரிசையின் வெள்ளைச் சட்டைகளுக்கெல்லாம் சாயம் போட்டது. ஒரு பல் பறந்துபோய் நடுவரின் காபியில் விழுந்தது. பஞ்சு சிரித்துக்கொண்டே வாங்கினான். கிட்டத்தில் பார்த்தால் இன்னும் அழகாக இருக்கிறானே!

மணி அடித்ததும் மூலைக்குத் தள்ளாடி வந்தவன் முகத்தில் மனைவி தண்ணீரை வீசினாள்.

"என்ன இளிப்பு வேண்டிக் கிடக்கு? இருந்த பல்லும் போச்சு!"

"அந்த மூஞ்சியப் பாத்தா எரிச்சலெல்லாம் அடங்கிடுதுடி. அதைக் காட்டினதும்தான உங்கப்பா அடியை நிறுத்துவாரு?"

அவள் தகப்பனார் பக்கம் திரும்பினாள். "அப்பா! அடிச்ச பொறவா படத்தைக் காட்டினீங்க?"

"பின்ன? எனக்கென்ன மூணு கையா இருக்கு?" என்றார் அவர். கௌரவமாக, "க்ர்ர்ஹ்ஹும்!" என்றும் கனைத்தார்.

அடுத்த கணம் பஞ்சுவின் முஷ்டியில் தண்ணீர் வாளி அப்பளமாயிற்று. அவள் வாளியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கண் பளிச்சிட்டது.

"அப்பா, நீங்க ஒரு வார்த்தை பேச வேணாம். நான் சொல்றப்ப கனைங்க, போதும்."

மறுபடி மணி. இடி அவனைக் கயிற்றோடு சாய்த்து விலாவில் இடித்தான்.

"இப்போ!"

"க்ர்ர்ஹ்ஹும்!"

பஞ்சுவின் முதுகு முழுக்கத் தீப்பிடித்தது. எதிரே இருந்ததோ அவனுக்குப் பிடித்த முகம். முஷ்டிக்கு முகம் தெரியுமா? இடியின் விலா காய்ந்த கிளைபோல் முறிந்தது. "ஐயோ, மன்னிச்சுக்குங்க!" என்று பஞ்சு அழுதான். மறுபடி கனைப்பு, மூக்கு இடம் மாறியது. மறுபடி கனைப்பு, இடி அந்தரத்தில் கிளம்பி, விளக்கை உரசி, பொத்தென்று விழுந்தான். தெருவில் நின்ற கார்களெல்லாம் அலறின. நடுவர் பஞ்சுவின் கையைத் தூக்கினார்.

மாமனாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்து மருமகனைக் கட்டிக்கொண்டார். பேச வாயெடுத்தார். தொண்டையில் கரகரப்பு ஏறியது.

"அப்பா, வேணாம்! முழுங்கிடுங்க!" என்று மகள் கத்தினாள்.

முழுங்க முடியவில்லை. கனைத்தார்.

ஒரே ஸ்ட்ரெச்சரில் இரண்டு பேரையும் அடுக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் மாமனாரின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அடுத்த கட்டிலில் மூட்டையாகக் கிடந்த இடிக்குப் பஞ்சு ஸ்பூனில் ஜூஸ் புகட்டிக்கொண்டிருந்தான். இவன் பார்த்த பார்வையில் இடிக்கே வெட்கம் வந்துவிட்டது. மாமனார் மருமகனைச் சைகையால் கூப்பிட்டு, தலைமாட்டில் கிடந்த கிளவுஸை எடுத்து அவன் மடியில் வைத்தார். டயர் கடைப் பேச்சு அதோடு தீர்ந்தது. பெரியவருக்குக் கண் கலங்கியது. கம்பிக்குப் பின்னாலிருந்து மெல்லக் கிளம்பியது, "க்ர்ர்..."

பஞ்சுவின் முஷ்டி எழுந்தது. மனைவி ஒரே தாவலில் வந்து, அவன் தாடையைப் பிடித்து அடுத்த கட்டில் பக்கம் திருப்பினாள்.

கட்டுகளுக்கு நடுவிலிருந்து இடி கையசைத்தான்.

"அப்பாடா" என்று பஞ்சு கையை இறக்கினான்.