தெளிந்த தண்ணீரால் வந்த வினை

சம்மாந்துறைக்கு அப்பால், வாய்க்காலின் கடைசி வயல் கண்டத்துக்கு ஜவுபர்தான் வட்டவிதானை. வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுப்பது வேலை. பங்கிடத் தண்ணீர் இல்லை என்பதுதான் கரைச்சல். நெல் வேளாண்மை கதிர் வாங்கும் நேரத்தில் வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. மேல்மடைக்காரர்களோ அளவாகத்தான் விடுகிறோம் என்று சாதித்தார்கள்.

இன்று நீர்ப்பாசன அலுவலகத்திலிருந்து நஜ்லா அளக்கும் கருவியோடு வருகிறார். தண்ணீர் குறைவென்று கருவி சொன்னால் மடைக் கதவு உயரும்.

அதனால் ஜவுபர் விடிந்ததிலிருந்து வாய்க்காலைக் கலியாண வீடாக்கியிருந்தார். பந்தல் மட்டும்தான் போடவில்லை. எருமைகளைத் துரத்தினார். குளிக்க வந்தவர்களைத் திருப்பினார். டிரக்டர் கழுவ வந்த மச்சான் மீராசாஹிபையும் விடவில்லை.

"அதிகாரி வாற நேரம் ஊத்தை கலக்க வந்திட்டாய். எடுத்துக்கொண்டு போ!"

"வாய்க்கால் என்ன உனக்குத் தந்த சீதனமா?" என்று கேட்டுவிட்டு மீராசாஹிபு டிரக்டரைத் திருப்பினார்.

நஜ்லா வந்தார். உள்ளங்கை அகலக் கருவியை வாய்க்காலின் அடியில் பொருத்திவிட்டுக் கரையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். திரையில் வெறும் கோடுகள்.

"என்ன மிஸ், ஒண்டும் காட்டுதில்லையே?"

நஜ்லா வயரைக் கழற்றி மாட்டினார். அதே கோடுகள். பிறகு தண்ணீரைப் பார்த்தார். அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம்.

"தண்ணி எப்பவும் இப்பிடித் தெளிவாவா இரிக்கும், காக்கா?"

"இல்ல மிஸ். உங்களுக்காகத்தான் காலையிலிருந்து ஒருத்தரையும் இறங்க விடல்ல," என்றார் ஜவுபர் பெருமையாக.

நஜ்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது சத்தம் அனுப்புற சாமான், காக்கா. தண்ணியில போற மண், தூசில பட்டுத்தான் சத்தம் திரும்பி வரும். அதை வெச்சுத்தான் தண்ணிட வேகத்தைச் சொல்லும். ஊத்தை இல்லாட்டி இதுக்குக் கண் தெரியாது. நான் வேற வாய்க்காலுக்கும் போகணும்."

ஜவுபர் சைக்கிளை மிதித்தார். மீராசாஹிபு தேநீர்க் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். வெளியே டிரக்டர், அப்பிய சேறு அப்படியே.

"மச்சான், வா. டிரக்டரைக் கழுவுவம்."

"ஏலா. அதிகாரி வாற நேரம் ஊத்தை கலக்கப்படாதாம்."

"அந்த அதிகாரிதான் ஊத்தை கேட்கிறா! அல்லாஹ்வுக்காக எழும்பு!"

மீராசாஹிபு ஆறுதலாகக் கடைசி மிடறைக் குடித்தார். "நீ கழுவுறண்டா வாறன்."

பேரம் பேச நேரமில்லை. கருவிக்கு நல்ல தூரம் மேலே டிரக்டர் இறங்கியது. ஜவுபர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்த்தார். மீராசாஹிபு ஆசனத்தைவிட்டு அசையவில்லை. கலங்கல் மெல்லக் கீழே போனது.

"காக்கா, வந்திட்டு!" நஜ்லா கையை ஆட்டினார். "மேல்மடையில சொன்னதில பாதி கூட இல்ல. நிறுத்தாதீங்க, இன்னும் கொஞ்சம் அளக்கணும்!"

அளந்து முடித்து, அங்கிருந்தே மேல்மடைக்குத் தொலைபேசி எடுத்தார். கதவை உயர்த்தச் சொன்னது ஜவுபருக்கும் கேட்டது. தேய்ப்பதை விட்டுவிட்டு ஜவுபர் கரையேறப் பார்த்தார். மச்சான் விடவில்லை. பேச்சு பேச்சுதானாம்.

முன் சக்கரச் சில்லுகள் இரண்டையும் கழுவி முடித்தபோது முழங்காலில் நின்ற தண்ணீர் தொடையைத் தொட்டது.

"மச்சான்! தண்ணி ஏறுதுடா!" ஜவுபர் கத்தினார்.

"ஏறட்டும்," என்றார் மீராசாஹிபு மேலேயிருந்து. "பின் சில்லு கழுவ லேசா இரிக்கும்."