வெட்டிய அழுகை

மேக்கப் வீடியோ போட்டுப் பேர் வாங்கியவளை முகம் தெரியாத ஒருவன் ஆட்டிப் படைத்தான். "இன்னைக்கு ஜன்னல் திரையை மாத்திட்டே போல" என்று அவனிடமிருந்து செய்தி வரும். பூட்டை மாற்றினாள், போலீசுக்கும் போனாள். அவளுக்கு இருந்த ஒரே தைரியம், வீடியோக்களை எடிட் செய்து தரும் அக்காதான்.

அன்று லிப்ஸ்டிக் பூசும்போதே கேமரா முன்னால் உடைந்து அழுதுவிட்டாள். அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பேச வைத்தாள். வீடியோ சிரித்த முகத்தோடு வெளியானது. கொஞ்ச நேரத்தில் அவனுடைய செய்தி வந்தது: "லிப்ஸ்டிக் பூசுறப்போ அழுதியே, என்னை நினைச்சா?"

அவள் வீடியோவை முழுசாகப் பார்த்தாள். அழுகை எங்கேயும் இல்லை.

"அக்கா, நான் அழுததை யாருக்காவது காட்டினியா?"

"அதை அப்பவே வெட்டித் தூக்கிப் போட்டுட்டேன்டி. நம்ம ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது." அக்கா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேசாம, இவனுக்குப் பயந்து சாகுறேன்னு ஒரு வீடியோ போடு. வியூஸ் அள்ளும்."

தங்கை தன் போனை எடுத்தாள். அவனுடைய செய்திக்குக் கீழே, "ஆமாக்கா, உன்னை நினைச்சுத்தான்" என்று தட்டி அனுப்பினாள்.

அக்காவின் மடியில் கிடந்த போன் அதிர்ந்தது.